ஒரே கேபினட்டில் நான்கு கிராபிக்ஸ் கார்டு: சூட்டைச் சமாளிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஐ மொழி மாதிரிகளை ஓட்டவும், அவற்றுக்குப் பயிற்சி கொடுக்கவும், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் எடுக்கவும் இரண்டு முதல் நான்கு கார்டு வரை ஒரே கணினியில் போடுகிறவர்களுக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டு முழுவதும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3090. 2020-இல் வந்த கார்டுதான். ஆனால் 24 ஜிபி மெமரி இருப்பதால் இன்றும் பழைய கார்டாகத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். ஒவ்வொன்றும் 350 வாட் இழுக்கும். நான்கு சேர்ந்தால் 1400 வாட். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியை நாள் முழுக்க அணைக்காமல் விட்டால் வரும் சூட்டைவிட இது அதிகம்.

ஒரு கார்டு மட்டும் இருந்தபோது 70 டிகிரியைத் தாண்டவில்லை. இரண்டாவதைப் போட்டதும் முதல் கார்டு 85-க்குப் போய்விட்டது. கார்டில் கோளாறா?

இல்லை. கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, அது இழுக்கும் காற்றுதான் மாறிவிட்டது. சாதாரண டவர் கேபினட்டில் கார்டின் ஃபேன்கள் தரையைப் பார்த்திருக்கும், முதுகுத் தகடு மேலே பார்த்திருக்கும். அதனால் மேல் கார்டின் ஃபேன்களுக்கு நேர் கீழே இருப்பது கீழ் கார்டின் கொதிக்கும் முதுகு. நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளிதான் என்றால், மேல் கார்டுக்குக் கிடைப்பது அறைக் காற்று அல்ல, ஏற்கெனவே 45 டிகிரிக்குச் சூடேறிய காற்று.

சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: உள்ளே வரும் காற்றைவிட இத்தனை டிகிரி அதிகத்தில் சிப்பை நிறுத்திவைப்பது. 350 வாட்டில் அந்த வித்தியாசம் 40 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி காற்று கிடைத்தால் சிப் 70-இல் நிற்கும். 45 டிகிரி காற்று கிடைத்தால் 85-இல் நிற்கும். ஃபேன் அதேதான், ஹீட்சிங்க்கும் அதேதான். கீழே வரும் பதில்களில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வருபவை. ஆகவே புது ஃபேன் வாங்கும் முன் இரண்டே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கார்டு எத்தனை வாட் இழுக்கிறது, அதற்கு எத்தனை டிகிரியில் காற்று கிடைக்கிறது?

எத்தனை டிகிரி வரை கவலை இல்லை?

மூன்று இடத்துச் சூட்டைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கோர் (கணக்குப் போடும் முக்கியச் சிப்): 3090-க்கு என்விடியா குறித்திருக்கும் உச்சம் 93 டிகிரி. ஆனால் அதுவரை போக விடாது. 83-ஐ எட்டியதுமே கிளாக்கை, அதாவது சிப்பின் ஓட்ட வேகத்தை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்கிவிடும். இரவு பகலாக ஓடும் கணினியில் 75-க்குள் நிறுத்துவது நல்லது.

ஹாட்ஸ்பாட்: சிப்பிலேயே மிகவும் சூடான புள்ளி. கோரைவிட 10 முதல் 15 டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. வித்தியாசம் 25-ஐத் தாண்டினால் சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை என்று பொருள். காற்றோட்டத்தைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

மெமரி: 3090-இல் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியைத் தொட்டால் கார்டு வேகத்தைக் குறைத்துவிடும். 95-க்குள் இருக்கட்டும். பலர் கோர் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாக இருக்கும்போது உள்ளே மெமரி 106-இல் கொதித்துக்கொண்டிருக்கும். பழைய கார்டு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதே இந்த எண்தான்.

இவற்றை எதில் பார்ப்பது?

விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ. மூன்றையும் காட்டும்.

லினக்ஸில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை கோர் சூடு, ஃபேன் வேகம், வாட் ஆகியவற்றைக் காட்டும். 3090 போன்ற ஜிஃபோர்ஸ் கார்டுகளில் மெமரி சூட்டைக் காட்டாது. அதற்கென்று இருக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அதே கட்டளையில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைக் கேட்டால் கிளாக் ஏன் குறைந்தது என்ற காரணமும் வரும். பவர் கேப் என்று வந்தால் பயப்பட வேண்டாம், நீங்கள் வைத்த வாட் வரம்பில் கார்டு நிற்கிறது. தெர்மல் ஸ்லோடவுன் என்று வந்தால்தான் சூடு பிரச்சினை.

எதைச் சோதித்தாலும் குறைந்தது 40 நிமிடம் முழுச் சுமையில் ஓட விடுங்கள். சிப் ஒரு நிமிடத்தில் சூடாகிவிடும்; கேபினட்டுக்குக் கால் மணி நேரமும் அறைக்கு அதைவிட அதிகமும் ஆகும். ஐந்து நிமிடச் சோதனையில் தேறிய கணினி ஒரு மணி நேரம் கழித்துத் திணறுவது இதனால்தான். கேபினட்டின் முன்பக்கம் ஒரு சாதாரண அறை வெப்பமானியை வைத்து அந்த எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அறை 28 டிகிரியில் இருந்தபோது எடுத்த அளவையும் 34-இல் இருந்தபோது எடுத்த அளவையும் நேராக ஒப்பிட்டு, புது ஃபேன் வேலை செய்கிறது, செய்யவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

சரி, முதலில் எதைச் செய்வது?

பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கக்கூடிய வாட் வரம்பை, குறையுங்கள். காசு செலவில்லை, ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை, பிடிக்காவிட்டால் ஒரு நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம்.

350-இலிருந்து 280 வாட்டுக்கு இறக்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வாட் 20 சதவீதம் குறைகிறது. ஆகவே சிப்புக்கும் காற்றுக்கும் உள்ள 40 டிகிரி வித்தியாசமும் 20 சதவீதம் குறைந்து 32 ஆகிறது. அதோடு கேபினட்டுக்குள் நான்கு கார்டும் சேர்ந்து கொட்டும் சூடு குறைவதால், உள்காற்று அறையைவிட 15 டிகிரி கூடுதலாக இருந்தது 12 அளவுக்கு வரும். இரண்டும் சேர்ந்தால் 11 டிகிரி. எந்த ஃபேனை வாங்கி மாட்டினாலும் இவ்வளவு கிடைக்காது.

லினக்ஸில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை ரூட் அனுமதியோடு கொடுத்து, பவர் லிமிட்டுக்கான பிஎல் ஆப்ஷனில் 280 என்று போடுங்கள். கார்டு எண்ணையும் கொடுத்தால் அந்த ஒன்றுக்கு மட்டும், கொடுக்காவிட்டால் எல்லாவற்றுக்கும் பொருந்தும். விண்டோஸில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 80 சதவீதத்தில் வைத்து, தொடங்கும்போதே அமலாகும்படி டிக் செய்துவிடுங்கள்.

ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி 350-க்குப் போய்விடுகிறதே?

லினக்ஸில் அப்படித்தான் ஆகும். பெர்சிஸ்டன்ஸ் மோடை (கார்டின் டிரைவரை எப்போதும் விழித்திருக்க வைக்கும் அமைப்பு) இயக்கி, பிறகு பவர் லிமிட் வைக்கும் இரண்டு வரிகளை ஒரு சிஸ்டம்டி சர்வீஸாக எழுதி, பூட் ஆகும்போது ஓடும்படி செய்துவிடுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு கணினி தானாக எழுந்திருக்கும் இடங்களில் இது கட்டாயம். இல்லையென்றால் நள்ளிரவில் யாரும் பார்க்காதபோது நான்கு கார்டும் முழு வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

வேகம் அடிபடாதா?

அடிபடும், ஆனால் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஆலையிலிருந்து வரும்போதே இந்தக் கார்டுகள் கடைசிச் சில சதவீத வேகத்துக்காக ஏராளமான மின்சாரத்தைச் செலவிடும்படி அமைக்கப்பட்டவை. 280 வாட்டில் பெரும்பாலான வேலைகளில் இழப்பு 5 முதல் 10 சதவீதத்துக்குள் அடங்கும். மொழி மாதிரி ஒவ்வொரு டோக்கனாக (சொல் அல்லது சொல்லின் துண்டு) உருவாக்கும் வேலை மெமரி வேகத்தைச் சார்ந்தது என்பதால் அங்கே இழப்பு இன்னும் குறைவு. அதற்கு மட்டும்தான் கணினி என்றால் 250 வரைகூட இறக்கிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். பல கார்டுகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும்போது ஒவ்வொரு படியிலும் எல்லாக் கார்டும் மற்றவற்றுக்காகக் காத்திருக்கும். ஒரு கார்டு சூட்டால் மெதுவானால் மீதி மூன்றும் சும்மா நிற்கும். சூட்டில் தத்தளிக்கும் ஒரு கார்டோடு ஓடும் 350 வாட் கணினியைவிட, நான்கும் சீராக ஓடும் 280 வாட் கணினி வேகமாக முடிப்பது வழக்கமாகப் பார்க்கும் காட்சி. நான்கின் கிளாக்கையும் ஒரே அளவில் பூட்டிவைக்கவும் என்விடியா-எஸ்எம்ஐயில் வழி உண்டு. 1500 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல ஏற்றிப் பாருங்கள்.

எத்தனை கேபினட் ஃபேன் வேண்டும்? கணக்கு உண்டா?

உண்டு. தேவைப்படும் காற்று, நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்பது: வாட்டை 1.76-ஆல் பெருக்கி, உள்காற்று எத்தனை டிகிரி கூடலாம் என்று ஒப்புக்கொள்கிறீர்களோ அதால் வகுக்க வேண்டும்.

நான்கு 3090 முழு வாட்டில் 1400, பிராசஸர், மதர்போர்டு மற்றவற்றுக்கு 200, ஆக 1600 வாட். 15 டிகிரி கூடலாம் என்றால் சுமார் 188 கன அடி. 10 டிகிரிதான் கூடலாம் என்றால் 282. பவர் லிமிட் வைத்து 1320 வாட்டாக்கினால் 15 டிகிரிக்கு 155 போதும்.

120 மிமீ ஃபேன் பெட்டியில் 60 கன அடி என்று போட்டிருந்தால், அது எதிரே தடையே இல்லாத திறந்தவெளியில் அளந்தது. வலை, தூசி ஃபில்டர், கார்டுகளின் நெருக்கம் எல்லாம் சேர்ந்தால் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 188-க்கு ஆறு அல்லது ஏழு ஃபேன். முன்பக்கம் முழுதும் கண்ணாடி போட்ட கேபினட்டில் இந்தக் காற்றுக்கு வழியே கிடையாது, எத்தனை ஃபேன் மாட்டினாலும் வீண். முன்பக்கம் வலை இருக்கும் கேபினட்டை வாங்குங்கள். அழகு பார்க்கிற இடம் இதுவல்ல.

ஃபேன் எல்லாம் இருக்கிறது. ஆனால் கார்டு கொதிக்கும்போதும் கேபினட் ஃபேன்கள் மெதுவாகவே சுற்றுகின்றன.

மிகப் பலருக்கு இருக்கும் பிரச்சினை இது, ஆனால் வெகு சிலரே கண்டுபிடிக்கிறார்கள். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) கேபினட் ஃபேன்களின் வேகம் வழக்கமாகப் பிராசஸரின் சூட்டைப் பார்த்துத்தான் முடிவாகிறது. கார்டுகள் வேலை செய்யும்போது பிராசஸர் 45 டிகிரியில் ஓய்வாக இருக்கும். மதர்போர்டுக்குத் தன் வயிற்றில் 1400 வாட் எரிவதே தெரியாது.

பயாஸில் ஃபேன் பகுதிக்குப் போய், முன், பின், மேல் ஃபேன்களை நிலையாக 70 அல்லது 80 சதவீதத்தில் வைத்துவிடுங்கள். சத்தம் தொந்தரவு என்றால், விண்டோஸில் ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் நான்கு கார்டில் எது அதிகச் சூடோ அதைப் பார்த்து ஃபேன் சுற்றும்படி அமைக்கலாம். லினக்ஸில் 10 விநாடிக்கு ஒருமுறை கார்டுகளின் சூட்டைப் படித்து ஃபேன் வேகத்தை மாற்றும் சிறு ஸ்கிரிப்ட் போதும். ஸ்கிரிப்ட் நின்றுபோனால் ஃபேன்கள் முழு வேகத்துக்குப் போகும்படி எழுத மறக்காதீர்கள்.

காற்று சரியான வழியில்தான் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓர் ஊதுபத்தி போதும். கணினி முழுச் சுமையில் ஓடும்போது கேபினட்டுக்கு வெளியே, முன் வலையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். சாம்பல் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை நேராக உள்ளே இழுபட வேண்டும். பிறகு பின்பக்கம் காலி ஸ்லாட் மூடிகளின் அருகே பிடியுங்கள். அங்கே புகை வெளியே தள்ளப்பட்டால் நல்லது. உள்ளே இழுபட்டால், பின்னால் கொட்டிய சூடான காற்றையே கணினி மறுபடி குடிக்கிறது. வெளியே தள்ளும் ஃபேன்கள் அதிகம், உள்ளே இழுப்பவை குறைவு என்பது பொருள். முன்பக்க ஃபேனைக் கூட்டுங்கள்.

பக்கக் கதவைக் கழற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனை. கழற்றியதும் 2, 3 டிகிரி இறங்கினால் கேபினட் காற்றோட்டம் பரவாயில்லை. 8, 10 இறங்கினால் கேபினட் மூச்சுத்திணறுகிறது. கதவைத் திறந்தே வைப்பது தற்காலிகத் தீர்வுதான். தூசியும் பல்லியும் உள்ளே வரும், பல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) போனால் ஷார்ட் ஆகும்.

ப்ளோவர் கார்டு நல்லதா, மூன்று ஃபேன் கார்டு நல்லதா?

ஒரு கார்டுக்கு மூன்று ஃபேன். நெருக்கமாக மூன்று, நான்கு என்றால் ப்ளோவர்.

மூன்று ஃபேன் கார்டு சூடான காற்றைக் கேபினட்டுக்குள்ளேயே நாலாபக்கமும் கொட்டும், அதை வெளியேற்றுவது உங்கள் பொறுப்பு. ப்ளோவர் ஒரு முனையில் இழுத்து, பின்பக்கப் பட்டையின் ஓட்டைகள் வழியாக நேரே வெளியே தள்ளிவிடும். பக்கத்துக் கார்டைச் சூடாக்காது. தனியாகப் பார்த்தால் ப்ளோவர் சூடும் அதிகம், சத்தமும் அதிகம். ஆனால் இரண்டு ஸ்லாட் தடிமனில் நான்கை ஒட்டி ஒட்டி அடுக்க முடிவது அதில்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் ஏ6000 போன்ற 300 வாட் பணிநிலையக் கார்டுகள் ப்ளோவராகவே வருவதற்கும் இதுதான் காரணம். படுக்கும் அறையில் வைக்கிற சத்தமல்ல அது.

மூன்று ஸ்லாட் தடிமன் உள்ள கார்டுகள் நான்கை எப்படிப் பொருத்துவது?

சாதாரண கேபினட்டில் முடியாது. ஸ்லாட்டுக்கு ஸ்லாட் தூரம் 20.32 மிமீ, ஏடிஎக்ஸ் போர்டில் இடம் ஏழு ஸ்லாட்டுக்குத்தான். மூன்று ஸ்லாட் கார்டு இரண்டு போட்டு நடுவே ஒரு ஸ்லாட் காலியாக விடலாம், அவ்வளவுதான்.

அதற்கு மேல் என்றால் அலுமினியச் சட்டத்தில் கார்டுகளைத் தொங்கவிட்டு, ஸ்லாட்டை நீட்டித் தரும் ரைசர் கேபிளில் இணைப்பதுதான் வழி. கார்டுக்கும் கார்டுக்கும் 4 செமீயாவது விடுங்கள். பக்கவாட்டில் இரண்டு மூன்று 140 மிமீ ஃபேன் வைத்து எல்லாவற்றின் ஊடாகவும் ஒரே திசையில் காற்றை ஓட்டுங்கள். திறந்த சட்டம் என்பதால் காற்று தானாகப் போய்விடும் என்று நம்பி ஃபேன் வைக்காமல் விடுகிறார்கள். நடுவில் இருக்கும் கார்டுகள் அங்கேயும் வேகும்.

ரைசரில் இன்னொரு தொல்லை உண்டு. பிசிஐஇ (கார்டு ஸ்லாட்டின் இணைப்பு முறை) 3.0-க்குச் செய்த கேபிளை 4.0 ஸ்லாட்டில் போட்டால் சிக்னல் பிழைகள் வரும், கார்டு நடுவழியில் காணாமல் போகும். சூடு என்று நினைத்து பேஸ்ட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள். முதலில் பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3, அதாவது 3.0, என்று மாற்றிப் பாருங்கள். கிரிப்டோ மைனிங் காலத்து யுஎஸ்பி ரைசர் ஒரே ஒரு லேன் (தரவுப் பாதை) மட்டும் தருவது. பயிற்சி வேலைக்கு உதவாது.

கோர் 65 டிகிரிதான். மெமரி மட்டும் 104. ஏன்?

3090-இல் ஒரு ஜிபி மெமரி சிப் 24 இருக்கின்றன; பன்னிரண்டு முன்பக்கம், பன்னிரண்டு முதுகுப்பக்கம். முன்பக்கச் சிப்புகளுக்குப் பெரிய ஹீட்சிங்க் உண்டு. முதுகுப்பக்கத்தவற்றுக்கு இருப்பது சூட்டைக் கடத்தும் ஒரு மெல்லிய தெர்மல் பேடும் அதன்மேல் ஒரு தகடும். காற்றே படாத அந்தத் தகட்டில்தான் எல்லாச் சூடும் தேங்குகிறது. பின்னால் வந்த 3090 டிஐயில் இரண்டு ஜிபி சிப்புகள் வந்ததால் எல்லாம் முன்பக்கமே அடங்கிவிட்டன. அதில் இந்தத் தலைவலி கிடையாது.

பவர் லிமிட் இங்கே ஓரளவுக்குத்தான் உதவும், ஏனென்றால் அதைக் குறைத்தாலும் மெமரி கிளாக் இறங்காது. முதுகுத் தகட்டின்மேல் சிறு அலுமினிய ஹீட்சிங்க்குகளைத் தெர்மல் டேப்பால் ஒட்டி, பக்கவாட்டிலிருந்து ஒரு ஃபேன் அதன்மேல் வீசும்படி வையுங்கள். பெரும்பாலும் இது போதும். மேலே அடுத்த கார்டு இருந்தால் ஹீட்சிங்க் அதன் ஃபேனில் இடிக்காத உயரமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

பேஸ்ட், பேட் மாற்றலாமா?

ஹாட்ஸ்பாட் வித்தியாசமோ மெமரி சூடோ மேலே சொன்ன அளவைத் தாண்டினால் மாற்றலாம். நன்றாக ஓடும் கார்டைத் திறக்க வேண்டாம்.

அதிகமாகக் கெடுவது பேட் தடிமனில்தான். ஒரே 3090 என்றாலும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் வெவ்வேறு தடிமன் வைத்திருப்பார்கள். ஒரே கார்டிலேயே மெமரிக்கு ஒன்று, விஆர்எம்முக்கு (சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஒன்று இருக்கும். அரை மிமீ தடிமன் கூடினால் ஹீட்சிங்க் அந்தப் பேட்மேல் ஏறி நின்றுகொள்ளும், சிப்போடு ஒட்டாது. மாற்றிய பிறகு மெமரி சூடு இறங்கி, ஹாட்ஸ்பாட் திடீரென்று 20 டிகிரி ஏறினால் நடந்தது இதுதான். பழைய பேடைப் பிய்க்காமல் எடுத்து, நசுங்காத ஓரத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அளவு சந்தேகமாக இருந்தால் பேடுக்குப் பதில் தெர்மல் புட்டி வையுங்கள். அழுத்தியதும் தேவையான தடிமனுக்குத் தானே அமரும்.

சிப்பின்மேல் நீர்த்த பேஸ்ட் வேண்டாம். நாள் முழுக்கச் சூடாகி ஆறும்போது அது ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுவில் வற்றிவிடும். ஹனிவெல்லின் பிடிஎம்7950 போன்ற, சூட்டில் இளகும் தாள் வகை இந்த வேலைக்கு ஏற்றது. மாட்டி நன்றாகச் சூடேறி இறங்கிய பிறகுதான் அதன் பலன் தெரியும், முதல் பத்து நிமிட எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வாட்டர் கூலிங் போட்டால் தீர்ந்துவிடுமா?

கார்டுகளுக்குள் இருக்கும் நெருக்கடி தீரும். வாட்டர் பிளாக் போட்ட கார்டு மெலிந்துவிடுவதால் நான்கையும் ஒரே போர்டில் அடுக்கலாம். ஆனால் 1400 வாட்டும் ரேடியேட்டர் வழியாக அதே அறைக்குத்தான் வரும்.

ஒரு 120 மிமீ ரேடியேட்டர் பகுதிக்கு 100 முதல் 150 வாட் என்று கணக்கு வையுங்கள். நான்கு கார்டுக்கு மட்டும் 10 முதல் 14 பகுதி. அதாவது 480 மிமீ ரேடியேட்டர் மூன்று. ஒரே ஒரு 360-ஐ வைத்துச் சமாளிக்கலாம் என்று தொடங்குபவர்களுக்குத் தண்ணீர் 60 டிகிரியைத் தொடும், பம்ப் சீக்கிரம் போகும். தண்ணீர் 45-க்குள் நிற்க வேண்டும். பிளாக் செம்பு, ரேடியேட்டர் அலுமினியம் என்று கலக்காதீர்கள், அரிப்பு வந்து துகள் அடைத்துவிடும். நிரப்பியதும் கார்டுகளுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்ப்பை மட்டும் 24 மணி நேரம் ஓட்டி, இணைப்புகளின் கீழே டிஷ்யூ காகிதம் வைத்துக் கசிவு பாருங்கள். இரண்டு கார்டுக்கு இவ்வளவு பாடு தேவையே இல்லை.

அறைக்கு எத்தனை டன் ஏசி?

கார்டு, பிராசஸர், எஸ்எம்பிஎஸ் இழப்பு எல்லாம் சேர்த்து முழு வாட்டில் சுவரிலிருந்து இழுப்பது சுமார் 1740 வாட். இழுத்த மின்சாரம் அத்தனையும் சூடாக அறையில் இறங்கும். ஒரு டன் ஏசி என்பது 3,500 வாட் சூட்டை வெளியேற்றுவது. ஆக இந்தக் கணினிக்கு மட்டும் அரை டன். ஆள் உட்கார ஒரு டன் தேவைப்படும் அறை என்றால் ஒன்றரை டன் போடுங்கள். பவர் லிமிட் வைத்தால் சுவரில் 1435 வாட்டுக்கு இறங்கும். நாளைக்கு 7 யூனிட்டுக்கு மேல் மிச்சம், ஏசி மிச்சப்படுத்துவது தனி.

ஏசி இல்லாமல் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? 10 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம். உள்ளே இருக்கும் காற்று 33 கிலோதான். சுவர்கள் எதையும் உறிஞ்சாது என்று வைத்தால் 20 விநாடிக்கு ஒரு டிகிரி ஏறும். சுவரும் தரையும் உறிஞ்சுவதால்தான் அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. கூரை ஃபேன் காற்றைக் கலக்கும், குளிரவைக்காது. எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் அறை வெளிக்காற்றைவிட 5 டிகிரி கூடுதலில் நிற்க மணிக்கு ஏறத்தாழ 1,000 கனமீட்டர் வெளியேற்ற வேண்டும்; அதே அளவு உள்ளே வர எதிர்ச்சுவரில் வழியும் வேண்டும். மார்கழியில் இது அருமையாக வேலை செய்யும். சென்னையில் மே மாதம் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது அறை 45-இல் நிற்கும். கோடையில் ஏசி இல்லையென்றால் 220 வாட்டுக்கு இறக்கி இரவில் மட்டும் ஓட்டுங்கள்.

பிளக் பாயிண்ட் சூடாகிறது.

உடனே நிறுத்துங்கள். 1740 வாட் 230 வோல்ட்டில் 7.6 ஆம்பியர். சுவரில் இருக்கும் சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. ஏசி, கீசர் மாட்டும் 16 ஆம்பியர் பாயிண்ட்தான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. ஏசியும் கணினியும் ஒரே எம்சிபியில் இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பிரித்துவிடுங்கள்.

உள்ளேயும் இதே கவனம் வேண்டும். 8 பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட் என்பது கணக்கு. ஒரே கேபிளின் நுனியில் இரண்டு தலை இருக்கிறதே என்று இரண்டையும் ஒரு 3090-க்கு மாட்டாதீர்கள். ஒவ்வொரு தலைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கேபிள் இழுங்கள். 4090, 5090-இல் வரும் 16 பின் இணைப்பில் நுனி முழுவதும் உள்ளே போகாமல் இருந்தால் உருகும். 2022-இல் 4090 வந்தபோது உலகம் முழுவதும் பேசப்பட்ட விஷயம் இது. பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, இடைவெளி தெரியாத வரை அழுத்துங்கள். நுனியிலிருந்து 35 மிமீ வரை கேபிளை வளைக்காதீர்கள். மாதம் ஒருமுறை அணைத்துவிட்டு, பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

தூசி எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது?

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கார்டுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ப்ளோவர் மெஷினால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும். கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும், ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சூடு 70-தான் காட்டுகிறது, ஆனாலும் ஒரு கார்டு திடீரென்று காணாமல் போகிறது.

லினக்ஸ் கெர்னல் லாகில் எக்ஸ்ஐடி 79 என்று இருக்கிறதா பாருங்கள். கார்டு பஸ்ஸிலிருந்து (கார்டைக் கணினியோடு இணைக்கும் தடம்) விழுந்துவிட்டது என்று அர்த்தம். சூடு, மின்சாரம், ரைசர் மூன்றில் ஏதோ ஒன்று. பவர் லிமிட்டை 220-க்கு இறக்குங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ். 3090 கண நேரத்துக்குத் தன் அளவைவிட மிக அதிகமாக இழுக்கும், நான்கும் ஒன்றாக இழுத்தால் நல்ல சப்ளையும் விழும். நிற்காவிட்டால் விழும் கார்டையும் நன்றாக ஓடும் கார்டையும் இடம் மாற்றுங்கள். பிரச்சினை கார்டோடு போனால் கார்டு, அதே ஸ்லாட்டில் தங்கினால் ரைசர் அல்லது போர்டு. எண் குழப்பம் வராமலிருக்க குடாவில் (என்விடியா கார்டில் கணக்குகளை ஓட்டும் மென்பொருள் தளம்) டிவைஸ் ஆர்டரைப் பிசிஐ பஸ் வரிசைக்கு மாற்றிவிட்டுச் சோதியுங்கள். இல்லையென்றால் குடா ஒரு வரிசையில் எண்ணும், என்விடியா-எஸ்எம்ஐ வேறு வரிசையில் எண்ணும், தவறான கார்டைக் கழற்றுவீர்கள்.

ஃபேனே இல்லாத, என்விடியாவின் டெஸ்லா பி40 சர்வர் கார்டு மலிவாகக் கிடைக்கிறது. சாதாரண கேபினட்டில் போடலாமா?

அப்படியே போட்டால் சில நிமிடத்தில் சூட்டால் முடங்கும். சர்வரின் முரட்டு ஃபேன்கள் நேராக ஊதித் தள்ளும் என்று நம்பிச் செய்த 250 வாட் கார்டு அது. கேபினட் ஃபேன் காற்று அதன் நெருக்கமான தகடுகளுக்குள் நுழையாது, சுற்றிக்கொண்டு போய்விடும். கார்டின் நுனியில் 3டி பிரிண்ட் செய்த கூம்பு ஒன்றைப் பொருத்தி, அழுத்தத்தோடு ஊதும் ப்ளோவர் ஃபேனை அதில் மாட்டுங்கள். இரண்டு பக்கமும் காற்று கசியாதபடி டேப் ஒட்டுங்கள். வாட்டை 180-க்கு இறக்கினால் சத்தமும் தாங்கும் அளவுக்கு வரும். மாட்டும் முன் ஒன்று: அதன் மின் இணைப்பு கிராபிக்ஸ் கார்டு 8 பின் அல்ல, பிராசஸருக்குப் போகும் 8 பின் வகை. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். அதற்கென்று விற்கும் மாற்றுக் கேபிளை வாங்கி, மல்டிமீட்டரில் ஒவ்வொரு பின்னாகச் சரிபார்த்த பிறகே கார்டில் செருகுங்கள்.